உருது தெரிந்த பெண்

கச்சிபௌலி, ஹைதராபாத்
8-6-2025, ஞாயிறு

அன்பும் மரியாதையும் உள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மகள் நஸ்ரின் எழுதுவது. நான் இங்கே சுகம். காய்ச்சல், சளி, வயிற்றுக் கோளாறு எதுவும் இல்லை. அம்மாவின் மூட்டுவலியைப் பற்றி அம்மாவிடமே போனில் கேட்டுவிட்டேன். அதனால் இந்தக் கடிதம் முழுக்க உங்களுக்குத்தான்.

போனில் நான் பேசுவது உங்கள் காதுக்கு எட்டாது. அம்மா நடுவில் நின்று உங்களுக்குக் கத்திச் சொல்லும்போது, நான் சொன்னதில் பாதியைத் தன் கட்சிக்கு மாற்றிவிடுகிறார்கள். சாப்பாடு பரவாயில்லை என்று நான் சொன்னது, சாப்பாடே சரியில்லையாம், பிள்ளை இளைத்துவிட்டாளாம் என்று உங்களிடம் போய்ச் சேர்ந்ததை நானே கேட்டேன். அரிசி ஆலை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபத்தேழு வருஷம் நின்று உங்கள் காது போனது. அதில் எனக்கு ஒரே ஒரு லாபம், இந்தக் காலத்திலும் கடிதம் எழுத எனக்கு ஒரு ஆள் இருக்கிறது.

ஹாஸ்டலில் மூன்றாவது மாடி. அறையில் என்னோடு ரக்ஷிதா என்ற பெண் இருக்கிறாள். அவளுக்கு அமெரிக்க நேரத்தில் வேலை. நான் காலையில் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாள். மாலையில் நான் திரும்பும்போது போயிருப்பாள். எனக்கு அவளுடைய தூங்குகிற முகம் மட்டும்தான் தெரியும். வியாழக்கிழமை லிஃப்டில் விழித்த முகத்தோடு எதிரே வந்தாள், யாரோ என்று நினைத்து நகர்ந்து நின்றுவிட்டேன்.

கம்பெனி எட்டாவது மாடியில். எனக்கென்று ஒரு நாற்காலி கிடையாது. அன்றைக்கு எங்கே உட்காருவது என்று தினமும் காலையில் போனில் பதிவு செய்ய வேண்டும். திங்கட்கிழமை ஜன்னல் ஓரம், செவ்வாய்க்கிழமை கழிவறைக்குப் பக்கம். என் குழுவில் ஏழு பேர். நான்கு பேர் புனேயில் இருக்கிறார்கள், மற்றவர்கள் இதே ஊரில் இருந்தாலும் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். அலுவலகத்துக்கு வருகிற ஒரே ஆள் நான்தான். இன்டர்ன்ஷிப்புக்கு வந்தவர்கள் தினமும் வந்தாக வேண்டுமாம். பக்கத்து நாற்காலியில் இருப்பவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு எங்கோ இருக்கிற யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். முதல் வாரத்தில் என்னோடு நேருக்கு நேர் பேசியவர் வாசலில் இருக்கும் செக்யூரிட்டி மட்டும்தான்.

அவரும் என் அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டு உருதுவில் நீளமாக ஏதோ சொன்னார். இங்கே எல்லாருமே அப்படித்தான். பெயர் நஸ்ரின், தலையில் முக்காடு, போதாதா? ஆட்டோக்காரர், மெஸ்ஸில் பரிமாறுகிறவர், மருந்துக்கடைக்காரர், எல்லாரும் உருதுவில்தான் ஆரம்பிக்கிறார்கள். எங்கள் வீட்டில் தமிழ் மட்டும்தான் என்றால், நான் ஏதோ பெருமைக்குச் சொல்வதாக நினைக்கிறார்கள். கல்யாண வீட்டில் யார் என்ன கேட்டாலும் நீங்கள் சிரித்துத் தலையாட்டுவீர்களே, இப்போது நானும் அதைத்தான் செய்கிறேன்.

இனி சொல்லப்போவது அம்மாவுக்கு வேண்டாம். என்னோடு பிரசன்னா, அஸ்வினி என்று இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். அவர்கள் வேறு குழு. இரண்டு பேருக்கும் முதல் நாளே புரோகிராம் எழுதுகிற வேலை கிடைத்துவிட்டது. எனக்கென்று வைத்திருந்த வேலையைக் கம்பெனியே கைவிட்டுவிட்டதாம். மூன்று நாள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. நான்காம் நாள் உமேஷ் சார் திரையில் வந்தார். அவர்தான் எனக்குப் பொறுப்பாளர். முகம் தெரியாது, கேமராவைப் போடவே மாட்டார். ஒரு பக்கத்தைக் காட்டி, இதை வாசிக்க முடியுமா என்று கேட்டார். உருது. மதரசாவில் அசரத்திடம் ஓதிய அரபு எழுத்துதானே, சில எழுத்துதான் கூடுதல். தட்டுத் தடுமாறி ஒரு வரி வாசித்தேன். சந்தோஷப்பட்டு உருதுவிலேயே ஏதோ பாராட்டினார். அர்த்தம் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை. தெரியாது என்று நானும் சொல்லவில்லை.

அந்த வேலை என்னவென்றால், ஆஸ்பத்திரிக்கு நோயாளிகள் போன் செய்து பேசுவதை ஒரு இயந்திரம் கேட்டு எழுதும். டாக்டரைப் பார்க்க நாள் கேட்கிறார்களா, வருவதாக உறுதி சொல்கிறார்களா, நாளை மாற்றச் சொல்கிறார்களா, வேண்டாம் என்கிறார்களா என்று அதுவே முடிவும் செய்யும். அது செய்தது சரியா தப்பா என்று நான் குறி போட வேண்டும். தினமும் காலை பத்து மணிக்கு எல்லாரும் திரையில் கூடுவோம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், ஏதாவது தடை இருக்கிறதா என்று மூன்று கேள்வி. தடை எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

நேற்று பெருநாள். நகரத்தில் அமர்க்களமாக இருந்திருக்கும், இந்தப் பக்கம் வெறும் சனிக்கிழமைதான். புதுத் துணியை உடுத்தி அறையிலேயே தொழுதுவிட்டு, மெஸ்ஸில் இட்லி சாப்பிட்டேன். கறி தின்றாயா என்று அம்மா கேட்டபோது, தோழிகள் வீட்டில் என்று சொன்னேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

உங்கள் மகள்,
நஸ்ரின்

*

கச்சிபௌலி
29-6-2025, ஞாயிறு

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் இன்லேண்டு லெட்டர் புதன்கிழமை கிடைத்தது. ஹாஸ்டல் வார்டன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதெல்லாம் இன்னும் விற்கிறார்களா என்று கேட்டார். ஜும்மா முடிந்ததும் அசரத்திடமும் மற்றவர்களிடமும் என் வேலையைப் பற்றிச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். காதர் மாமா வாயைத் திறக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பெண்பிள்ளையைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்பலாமா என்று அவர் ஒரு மணி நேரம் பேசியதை, ஒரு வார்த்தையும் காதில் விழாத முகத்தோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு, கடைசியில் நீங்கள் ரயில் டிக்கெட்டை எடுத்து மேசையில் வைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு உங்களுக்கு எல்லாமே கேட்டது என்பது எனக்கு மட்டும் தெரியும்.

ஆனால் நீங்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டீர்களே என்றுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

இங்கே எனக்கு நல்ல பெயர். நான் வேகமாக முடிக்கிறேனாம். மற்ற மொழிகளில் குறி போடுகிறவர்களை விட இரண்டு பங்கு வேகம் என்று வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் சொன்னார்கள். புனேயிலிருந்து நான்கு பேர் கைதட்டும் படத்தை அனுப்பினார்கள். ஏன் வேகம் தெரியுமா அத்தா? காதில் விழும் சத்தமும் எழுதியிருக்கும் எழுத்தும் ஒத்துப்போகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறேன். நோயாளிகள் என்ன கேட்கிறார்கள் என்பது எனக்குப் புரிவதில்லை. தொடக்கத்தில் அகராதியைப் பார்த்து ஒரு நோட்டில் வார்த்தைகளை எழுதி மனப்பாடம் செய்தேன். இந்த ஊர் ஆட்கள் பேசுகிற உருது அகராதியில் இல்லை. மொழிபெயர்க்கிற கருவி எதிலும் போடவும் கூடாது. நோயாளிகளின் பேச்சு வெளியே போகக்கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். சந்தேகம் வந்த இடத்திலெல்லாம், இயந்திரத்துக்கு என்னை விட அதிகம் தெரியும் என்று சரி போட்டுவிட்டேன். நான் சரி போடப் போட, அந்த இயந்திரத்துக்கு மதிப்பெண் ஏறிக்கொண்டே போகிறது.

நடுவில் ஒரு குரல் வந்தது. வயதான ஒரு அம்மா. ஒரே வாக்கியத்தை இரண்டு தடவை சொல்கிறார், பிறகு மூச்சு விடுகிற சத்தம், பிறகு போனை வைத்துவிடுகிறார். டாக்டரை வந்து பார்ப்பதாக உறுதி சொல்கிறார் என்று இயந்திரம் முடிவு செய்திருந்தது. எழுத்தும் சத்தமும் ஒத்துப்போனது. சரி போட்டேன். ஆனால் அந்தக் குரலை விட்டு என்னால் நகர முடியவில்லை. எதற்காக என்று தெரியாமலே அதை ஏழெட்டுத் தடவை கேட்டேன். இங்கே வந்த பிறகு இவ்வளவு கவனமாக நான் யார் பேசியும் கேட்டதில்லை.

எங்கள் ஹாஸ்டலில் சமைக்கிறவர் பெயர் ஜீனத். எல்லாரும் ஆபா என்று கூப்பிடுவார்கள், அக்கா என்று அர்த்தம். அவருக்கும் எனக்கும் பொது மொழி எதுவும் கிடையாது. நேற்று காலை அவர் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது, யாருடைய குரல், எங்கே என்று எதுவும் சொல்லாமல், அந்த வாக்கியத்தை மட்டும் கிளிப்பிள்ளை போல ஒப்பித்தேன். இப்படிச் செய்ததும் தப்புதான். ஆபா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு "இன்னா லில்லாஹி" என்று ஆரம்பித்து முழுவதும் ஓதினார்.

அத்தா, அது எனக்குப் புரிந்தது. மவுத்துச் செய்தி கேட்டால் நாமும் அதைத்தானே ஓதுவோம். இந்த ஊருக்கு வந்து யாரும் மொழிபெயர்க்காமல் எனக்குப் புரிந்த முதல் விஷயம் அதுதான்.

அந்த அம்மாவின் வீட்டுக்காரர் மவுத்தாகிவிட்டார். இனி அவருக்கு டாக்டர் வேண்டாம் என்று சொல்லத்தான் அந்த அம்மா போன் செய்திருக்கிறார். ஆபா கையைக் காட்டியும் கண்ணைக் காட்டியும் மீதியைச் சொன்னார். என் வீட்டில்தான் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்து என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். இல்லை என்று விளக்க எனக்கு மொழி இல்லை. அழுதுகொண்டே குடித்தேன். அவர் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார், அதனால் இன்னும் அழுகை வந்தது.

மூவாயிரத்துக்கு மேல் குறி போட்டிருக்கிறேன். அதில் இப்படி எத்தனை என்று எனக்குத் தெரியாது. ஆகஸ்டில் ஒரு ஆஸ்பத்திரியில் இந்த இயந்திரம் நிஜமாகவே போன் எடுக்கப் போகிறது. ஜூலை கடைசியில் எங்கள் மூன்று பேரில் யாருக்கு வேலை தருவது என்று முடிவு செய்வார்கள். இப்போதைக்கு என் பெயர்தான் முதலில் இருக்கிறது என்று அஸ்வினி சொன்னாள். நான் உண்மையைச் சொன்னால் அந்த வேலை போய்விடும். சொல்லாவிட்டால் எனக்கு வேலை கிடைக்கும், அந்த அம்மா மாதிரி ஒருவர் பேசும்போது மறுபடியும் சரி என்று குறி விழும்.

எனக்கு யார் மேலோ கோபமாகவும் இருக்கிறது. நான்கு வாரத்தில் ஒருவராவது, உனக்குப் புரிகிறதா அம்மா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெயரைப் பார்த்தார்கள், முடிவு செய்துவிட்டார்கள். நானும் லேசுப்பட்டவள் இல்லை. தினமும் பத்து மணிக்குத் தடை எதுவும் இல்லை என்று கிளிக்குரலில் சொன்னது நான்தானே.

நாளைக் காலை பத்து மணிக்குச் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைப்பதற்குள் அந்தப் பத்து மணி முடிந்திருக்கும். அதனால் என்ன, கிடைக்கிறபோது துஆ செய்யுங்கள். முன்னாலே பின்னாலே என்றெல்லாம் அல்லாஹ்வுக்கு ஏது?

நஸ்ரின்

*

கச்சிபௌலி
20-7-2025, ஞாயிறு

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களுடைய இரண்டு கடிதமும் கிடைத்தன. பதில் எழுதாததற்கு மன்னியுங்கள். என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று நீங்கள் இரண்டிலும் கேட்டிருந்தீர்கள். என்ன ஆனது என்பது எனக்கே நேற்று முன்தினம்தான் தெரிந்தது.

அந்தத் திங்கட்கிழமை சொல்லிவிட்டேன். இங்கிலீஷில் மூன்று வாக்கியம் தாளில் எழுதி வைத்திருந்தேன். ஏதாவது தடை இருக்கிறதா என்று உமேஷ் சார் கேட்டதும் முதல் வாக்கியம் வந்தது. அதற்குப் பிறகு தாளில் இருந்தது எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. எனக்கு உருது தெரியாது சார், எழுத்து மட்டும்தான் தெரியும் என்று தமிழில் வந்துவிட்டது. அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. அந்த அம்மாவைப் பற்றி, மூவாயிரம் குறியைப் பற்றி, எல்லாவற்றையும் தமிழிலேயே கொட்டினேன். புனேக்காரர்கள் நான்கு பேரும் திரையில் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்திருப்பார்கள்.

அப்போது உமேஷ் சாரின் கட்டத்திலிருந்து தமிழ் வந்தது அத்தா. "அய்யோ, கைக்கு மா முன்னாடியே சொல்லல?" என்றார். கைக்கு என்றால் இந்த ஊரில் ஏன் என்று அர்த்தமாம். முதல் தடவையாகக் கேமராவைப் போட்டார். நெற்றியில் விபூதி, பின்னால் முருகன் காலண்டர். அவருடைய தாத்தாவின் அப்பா ரயில்வே வேலைக்காகச் சிகந்தராபாத்துக்கு வந்தவராம். அங்கே மெட்டுகுடாவில்தான் இன்னும் குடும்பம் இருக்கிறதாம், வீட்டில் தமிழ்தான். கல்லூரியில் அவரோடு படித்த வாணியம்பாடிப் பையன் வீட்டில் உருது பேசுவானாம். அதை வைத்து, தமிழ்நாட்டிலிருந்து வருகிற முஸ்லிம் என்றால் உருதுதான் என்று முடிவு செய்திருக்கிறார். சரி, என்னோடு ஏன் சார் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை என்று கேட்டேன். "என் தமிழ் சும்மா வீட்டுத் தமிழ். ஊர்லேர்ந்து வந்தவங்க கேட்டா சிரிப்பீங்கன்னு பேசல" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான்கு வாரம் நாங்கள் இரண்டு பேரும், எனக்குப் புரியாத உருதுவிலும் இரண்டு பேருக்கும் ஒட்டாத இங்கிலீஷிலும் பேசிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு வேறு இரண்டு பேரை வைத்து என் குறிகளை எல்லாம் திரும்பப் பார்த்தார்கள். நான் சரி போட்டதில் ஆறில் ஒன்று தப்பு. ஆகஸ்டில் தொடங்குவதாக இருந்ததை அக்டோபருக்குத் தள்ளிவிட்டார்கள். கைதட்டும் படம் அனுப்பியவர்கள் இப்போது எதுவும் அனுப்புவதில்லை. எனக்கு வேறு வேலை கொடுத்தார்கள், இயந்திரம் தடுமாறுகிற பேச்சுகளை மட்டும் தனியாகப் பிரித்து வைக்கிற ஒரு புரோகிராம். அதை நன்றாகச் செய்தேன் என்று எனக்கே தெரியும். யாரும் பாராட்டாமலே தெரிந்தது.

அந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று உமேஷ் சாரிடம் கேட்டேன். அது போன வருஷத்துப் பேச்சாம். அந்த நாள் ரத்தாகியிருக்கலாம், அல்லது டாக்டரைப் பார்க்க வாருங்கள் என்று அந்த வீட்டுக்குப் பிறகும் போன் போயிருக்கலாம், யாருக்குத் தெரியும் என்றார். எனக்கு அது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உமேஷ் சார் தன் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டார். அவருடைய அம்மா மங்களம் என்பவர் சாம்பார், ரசம், வாழைக்காய் என்று செய்து வைத்து, "நக்கோ சொல்லாம சாப்புடும்மா" என்று போட்டுக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்பதைத்தான் இங்கே நக்கோ என்கிறார்கள். பேரப்பிள்ளைகள் நான் தமிழில் கேட்டதற்கெல்லாம் தெலுங்கில் பதில் சொன்னார்கள். நல்ல மனிதர்கள். திரும்பி வரும்போது ஷட்டில் பஸ்ஸில் எனக்கு முன்பை விட அதிகமாகத் தனியாக இருப்பது போல இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை வித்யாலட்சுமி மேடம் கூப்பிட்டார். யாருக்கு வேலை என்ற முடிவு அவர் கையில்தான். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. நீயே வந்து சொன்னது பெரிய விஷயம், ஆனால் நான்கு வாரம் சொல்லாமல் இருந்ததும் பெரிய விஷயம்தான் என்றார். உமேஷ் சார் எனக்காக நிறைய எழுதியிருந்தாராம், தன் மேல் தப்பு என்றும் எழுதியிருந்தாராம். பிரசன்னாவுக்கும் அஸ்வினிக்கும் வேலை கொடுத்துவிட்டார்கள். எனக்குச் சான்றிதழ் தருவார்கள். வேலை இல்லை.

சொல்லாமல் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் அத்தா. அதை நினைக்காமல் இருக்கிறேன் என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். தினமும் நினைக்கிறேன். மறுபடியும் அந்தத் திங்கட்கிழமை வந்தால் மறுபடியும் சொல்வேன் என்றும் நினைக்கிறேன், ஆனால் அதைச் சத்தியம் செய்ய எனக்குத் தைரியம் இல்லை.

அம்மா தெருவில் எல்லாரிடமும் வேலை உறுதி என்று சொல்லியிருப்பார்கள். நீங்கள் பள்ளிவாசலில் சொல்லிவிட்டீர்கள். காதர் மாமாவுக்கு இனி பேச நிறைய இருக்கும். உங்களுக்கு என்னால் இப்படி ஒரு தலைகுனிவு வந்ததை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. வேலை கிடைக்காத வருத்தமெல்லாம் அதற்கு அடுத்ததுதான்.

இதை நான் வீட்டுக்கு வந்து நேரில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்களிடம் ஒன்றைச் சொல்வதென்றால் கத்தித்தான் சொல்ல வேண்டும். எனக்கு வேலை கிடைக்கவில்லை அத்தா என்று கூடத்தில் நின்று நான் கத்தினால் நான்கு வீட்டுக்குக் கேட்கும். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல் என்று நீங்கள் கேட்டால் என்னால் முடியாது. அதனால்தான் ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். நான் வருவதற்கு முன்னால் படித்துவிடுங்கள். அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், உங்கள் குரலில் கேட்டால் குறைவாக அழுவார்கள்.

வருகிற வெள்ளிக்கிழமையோடு இன்டர்ன்ஷிப் முடிகிறது. சனிக்கிழமை இங்கிருந்து கிளம்பி, சென்னையில் வண்டி மாறி, திங்கட்கிழமை விடியும்போது புதுக்கோட்டையில் இறங்குவேன். பெட்டி கனமாக ஒன்றும் இல்லை, ஆட்டோ பிடித்து நானே வந்துவிட முடியும். நான் செய்தது சரி என்று உங்களுக்குப் பட்டால் ஸ்டேஷனுக்கு வாருங்கள். தப்பு என்று பட்டாலும் வாருங்கள், அத்தா.

உங்கள் துஆவை நம்பியிருக்கும் மகள்,
நஸ்ரின்